கனத்த குவார்க் ஒன்று உள்ளே விழுந்தால்: அடர்ந்த குவார்க் பொருளில் கோண்டோ விளைவு

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்ற கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான மர்ரே கெல்மானின் 80 வயது நிறைவை ஒட்டி, 2010 பிப்ரவரியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடந்தது. 2015 மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் யாங்–மில்ஸ் கோட்பாட்டின் 60 ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். அந்தக் கோட்பாட்டை எழுதிய இருவரில் ஒருவரான சென் நிங் யாங் நேரில் வந்து பேசினார். மேற்குச் சிங்கப்பூரில் நடந்த இந்த இரண்டு கூட்டங்களின் பொருளும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஒன்று இயற்பியலில் இருக்கிறது. அங்கே நம்மை அழைத்துப்போகக்கூடியவர் துகள் இயற்பியலாளர் அல்லர். உலோகங்களின் மின்தடையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஜப்பானியரான ஜுன் கோண்டோ.

கேள்வி இதுதான். அணுக்கருவைவிடப் பல மடங்கு அடர்த்தியில், புரோட்டான் நியூட்ரான் என்ற வேலிகளெல்லாம் கரைந்து, இலேசான குவார்க்குகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு திரியும் பொருள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சார்ம் அல்லது பாட்டம் போன்ற கனத்த குவார்க் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? கடலில் உப்புக்கல் விழுந்ததுபோல ஒன்றும் ஆகாது என்றுதான் முதலில் தோன்றும். 2013 முதல் வந்துகொண்டிருக்கும் கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஒற்றைக் குவார்க் தன்னைச் சுற்றியுள்ள கூட்டம் முழுவதையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் என்கின்றன.

தங்கக் கம்பியின் பிடிவாதம்

உலோகத்தைக் குளிர்வித்தால் மின்தடை குறையும். அணுக்களின் அதிர்வு அடங்க அடங்க எலக்ட்ரான்களுக்கு வழி சுலபமாகிறது. 1934இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டி ஹாஸ், டி போயர், வான் டென் பெர்க் ஆகிய மூவர் தங்கத்தைச் சில கெல்வின் வரை குளிர்வித்துப் பார்த்தார்கள். தடை இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. ஏன் என்று முப்பது ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை. ஏதோ மாசு கலந்திருக்கிறது என்பது மட்டும் மெல்லத் தெரியவந்தது. 1960களின் முற்பாதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் மிரியம் சாராசிக்கும் உடன் பணியாற்றியவர்களும், சிறிதளவு இரும்பு கலந்த உலோகக் கலவைகளை அளந்து பார்த்தார்கள். எந்தக் கலவையில் இரும்பு அணு தன் காந்தத்தன்மையை இழக்காமல் இருக்கிறதோ, அதில்தான் இந்த ஏற்றம் தென்பட்டது. எனவே மாசு இருப்பது மட்டும் போதாது. அது காந்த மாசாக இருக்க வேண்டும்.

1964இல் கோண்டோ கணக்குப் போட்டு விடை சொன்னார். அந்தக் கணக்கை மேலோட்டமாகக் கடந்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர்தான் என்பது சட்டம்: தற்சுழற்சி (எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல ஆக்கும் பண்பு) மேல்நோக்கிய எலக்ட்ரான் ஒன்று, கீழ்நோக்கியது ஒன்று. கீழ்த்தளத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால், ஏதோ ஒரு மாடியில் ஆட்கள் தீர்ந்துவிடுவார்கள். அதற்கு மேலே எல்லா வீடுகளும் காலி. நிரம்பிய மாடிக்கும் காலி மாடிக்கும் இடைப்பட்ட எல்லைக்குத்தான் ஃபெர்மி பரப்பு என்று பெயர். நாலாவது மாடிக்காரர் வீடு மாற நினைத்தாலும் அக்கம்பக்கத்தில் இடம் கிடையாது. எல்லையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே நகர வாய்ப்பு உண்டு. உலோகத்தில் மின்சாரத்தைக் கடத்துவது இவர்கள்தான்.

இப்போது ஓர் எலக்ட்ரான் மாசு அணுவின் மீது ஒருமுறை மோதிச் சிதறுகிறது. இந்த முதற்படிக் கணக்கை முன்பே பலர் போட்டிருந்தார்கள். அதில் வெப்பநிலையைச் சார்ந்த விந்தை எதுவும் வரவில்லை. கோண்டோ அடுத்த படிக்குப் போனார். எலக்ட்ரான் இரண்டு முறை மோதினால்? முதல் மோதலுக்கும் இரண்டாவது மோதலுக்கும் நடுவே அது எங்காவது தங்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலக்ட்ரான் காலி வீடு ஒன்றுக்குப் போய்த் தங்கி, அங்கிருந்து இறுதி இடத்துக்குப் போவது. மற்றொன்று, முன்பே குடியிருக்கும் வேறோர் எலக்ட்ரான் முதலில் கிளம்பி இறுதி இடத்தைப் பிடித்துக்கொள்ள, அது விட்டுப்போன வீட்டில் நமது எலக்ட்ரான் குடியேறுவது. எலக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது என்பதால் இரண்டின் முடிவும் ஒன்றே. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மாசு அணு வெறும் மேடுபள்ளம் மட்டும் என்றால், இரண்டு வழிகளையும் சேர்க்கும்போது 'எந்த வீடு காலி, எது நிரம்பியது' என்ற தகவல் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. ஃபெர்மி பரப்பு இருப்பதையே மாசு அறியாது. ஆனால் மாசு அணுவுக்கும் தற்சுழற்சி உண்டு, மோதும்போது எலக்ட்ரானும் அதுவும் தற்சுழற்சியை மாற்றிக்கொள்ளும் என்றால் கதை மாறுகிறது. இரண்டாவது வழியில் மாசின் மீது நடக்கும் செயல்கள் தலைகீழ் வரிசையில் நடக்கின்றன. தற்சுழற்சியை முதலில் மேலே திருப்பிப் பிறகு கீழே திருப்புவதும், முதலில் கீழே திருப்பிப் பிறகு மேலே திருப்புவதும் குவாண்டம் இயற்பியலில் சமமல்ல. இரண்டும் முழுமையாகக் கழிபடாமல் ஒரு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தில் காலி, நிரம்பியது என்ற தகவல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெர்மி எல்லையை ஒட்டிய எல்லா இடைவழிகளையும் கூட்டினால், வெப்பநிலையின் மடக்கை வருகிறது. குளிர் கூடக்கூட அது வளர்கிறது.

அதிர்வினால் வரும் தடை வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்காக இறங்க, மாசினால் வரும் தடை மடக்கையாக ஏற, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தடை மிகக் குறைவாக இருக்கிறது. அந்த வெப்பநிலை மாசின் அளவினுடைய ஐந்தாம் மூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதும் கோண்டோவின் கணக்கிலிருந்து கிடைத்தது. அதை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் மாசை 32 மடங்காக்க வேண்டும். சோதனைகளோடு இது பொருந்தியது. வெறும் வாதத்தால் நம்பவைப்பது வேறு, இப்படி ஓர் எண்ணால் நம்பவைப்பது வேறு.

மடக்கை வளர்ந்துகொண்டே போனால் கணக்கு ஒரு கட்டத்தில் கைமீறிப் போகும். அந்தக் கட்டத்தின் பெயர் கோண்டோ வெப்பநிலை. செம்பில் இரும்பு கலந்தால் அது சில பத்து கெல்வின். அதே செம்பில் மாங்கனீசு என்றால் ஒரு கெல்வினில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பிணைப்பு வலிமையில் சிறு மாற்றம் இருந்தாலும் விடையில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு வருகிறது, ஏனென்றால் பிணைப்பின் தலைகீழ் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வெப்பநிலைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை 1970இல் ஆண்டர்சன் ஓரளவும், 1975இல் கென்னத் வில்சன் முழுமையாகவும் விளக்கினார்கள். எலக்ட்ரான்கள் மாசின் தற்சுழற்சியைச் சூழ்ந்து, அதோடு எதிரெதிராகப் பிணைந்து, வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லாததுபோல மூடிவிடுகின்றன.

ஆக, கோண்டோ விளைவு என்று பெயர்பெற்ற இதற்குத் தேவையானவை: எளிதில் அசையாத கனத்த மாசு, ஃபெர்மி பரப்பு, இடைநிலைகளுக்கு இடம் தரும் குவாண்டம் அலைவு, வரிசை மாறினால் விடை மாறும் பரிமாற்றம். எலக்ட்ரானோ இரும்போ காந்தமோ இந்தப் பட்டியலில் இல்லை.

தற்சுழற்சி ஒதுங்க, நிறம் முன்வருகிறது

வரிசை மாறினால் விடை மாறும் பரிமாற்றம் என்றதும் யாங்–மில்ஸ் நினைவுக்கு வர வேண்டும். 1954இல் யாங்கும் ராபர்ட் மில்ஸும் எழுதிய கோட்பாட்டின் அடித்தளமே அது. குவார்க்குகளுக்கு மூன்று 'நிறங்கள்' உண்டு. கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல, மின்னூட்டம் போன்ற ஒரு பண்பு. ஒரு குவார்க், குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசையைச் சுமக்கும் துகளான குளுவானை வெளியிட்டால் அதன் நிறம் மாறுகிறது. குளுவானைப் பெற்ற குவார்க்கின் நிறமும் மாறுகிறது. இரண்டு குளுவான்கள் பரிமாறப்படும்போது எது முதலில், எது பிறகு என்பது விடையைத் தீர்மானிக்கிறது.

மற்ற தேவைகளும் இங்கே இருக்கின்றன. துகள்களின் நிறையை ஆற்றலின் அலகான மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் சொல்வது வழக்கம். அப், டவுன் என்ற வகைக் குவார்க்குகளின் நிறை சில மெகா எலக்ட்ரான்வோல்ட்தான். ஸ்ட்ரேஞ்சுக்கு நூறுக்குச் சற்றுக் குறைவு. சார்முக்கு ஏறத்தாழ 1,270, பாட்டமுக்கு 4,180. இலேசானவை கூட்டமாக ஃபெர்மி கடலை உண்டாக்க, சார்மோ பாட்டமோ அசையாத மாசாக நடுவே நிற்கும். இந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் அல்லர். மூன்று நிறம், இரண்டு தற்சுழற்சி என்று ஒவ்வொரு வகைக் குவார்க்கிலும் ஆறு பேர்.

2013இல் ஷிகெஹிரோ யசுயியும் கசுதகா சுதோவும் இதைக் கணக்கிட்டார்கள். 2015இல் கொய்ச்சி ஹத்தோரி, கசுனோரி இதகுரா, ஷோ ஓசகி, யசுயி ஆகிய நால்வரும், அடர்ந்த பொருளில் குளுவான்களின் வீச்சு குறைவதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டார்கள். இரண்டு குளுவான் பரிமாற்றத்தில் நேர் வழி, குறுக்கு வழி என்று இரண்டு. இரண்டிலும் வரும் மடக்கைகள் எதிர்க்குறியில் இருக்கின்றன. நிறத்தின் காரணமாக அவை கழிபடாமல், நிறங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த ஒரு மிச்சம் நிற்கிறது. கோண்டோவின் கணக்கேதான், உடை மட்டும் வேறு.

உலோகத்தில் எல்லா வேலையையும் செய்தது தற்சுழற்சி. இங்கே கனத்த குவார்க்கின் தற்சுழற்சி கிட்டத்தட்ட ஒதுங்கிவிடுகிறது, ஏனென்றால் நிறை கூடக்கூட அதன் காந்தப் பிணைப்பு அதே விகிதத்தில் தளர்கிறது. வேலை முழுவதும் நிறத்தின் தலையில் விழுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. உலோகத்தில் எலக்ட்ரானுக்கும் மாசுக்கும் இடையிலான பிணைப்பு ஒரு குறியில் இருந்தால் குளிரக் குளிர வளரும், மறு குறியில் இருந்தால் தேயும். எது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். குவார்க் பொருளில் அந்தத் தேர்வே கிடையாது. குளுவான் பரிமாற்றம் தானாகவே வளரும் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த விளைவின் உண்மையான சுவை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் கண்டறிந்த விதிப்படி, குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான வல்விசை தளரும். அதை வைத்து 1975இல் காலின்ஸும் பெர்ரியும், போதிய அடர்த்தியில் குவார்க்குகள் ஏறத்தாழக் கட்டற்றுத் திரியும் என்றார்கள். அடர்த்தி கூடினால் எளிமை வரும் என்று அந்த விதி சொல்ல, ஒரே ஒரு கனத்த குவார்க்கைப் போட்டதும் அந்த எளிமை குலைந்துபோகிறது. தொடக்கத்தில் பிணைப்பு எவ்வளவு தளர்வாக இருந்தாலும், ஃபெர்மி எல்லையை நெருங்க நெருங்க அது வலுத்து, கணக்குக்கு அடங்காமல் போகிறது. இந்த வலுவேற்றத்துக்கு வெற்றிடத்தின் பண்புகள் காரணமல்ல. நிரம்பிய வீடுகளும் காலி வீடுகளும் எல்லை போட்டு நிற்பதே காரணம்.

கடைசியில் கிடைப்பது என்ன? உலோகத்தில்போல மாசு முழுமையாக மூடப்பட்டு அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் மூடவரும் இலேசான குவார்க்குகளில் பல வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையும் தானே மூட வேண்டும் என்று முந்துகிறது. 1980இல் நோசியேரும் பிளாண்டினும் உலோகங்களுக்காக எழுதிய பல்வழிக் கோண்டோ சிக்கல் இதுவே. போட்டியில் யாருக்கும் முழு வெற்றி கிடைக்காமல், வழக்கமான உலோக விதிகளுக்குப் பொருந்தாத நிலை ஒன்று உண்டாகிறது. குவார்க் பொருளில் இது நேரக்கூடும் என்று 2016இல் கனசவாவும் உச்சினோவும் காட்டினார்கள். கனத்த குவார்க்குகள் நிறைய இருந்தால், இலேசானவையும் கனத்தவையும் கலந்த புதிய ஒடுக்கநிலை ஒன்று உருவாகும் என்று யசுயி, சுசுகி, இதகுரா ஆகியோர் தனியே கணக்கிட்டிருக்கிறார்கள்.

சார்ம் எங்கிருந்து வரும்?

இவ்வளவு அடர்ந்த குவார்க் பொருள் இயற்கையில் இருக்கக்கூடிய இடம் நியூட்ரான் விண்மீனின் நடுப்பகுதி. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நட்சத்திரத்துக்குள் கம்பி இழுத்துத் தடையை அளக்கப்போவது யார், சார்?" என்றார். நியாயமான கேள்வி. தடை என்பது சிதறலின் ஒரு முகம் மட்டுமே. அதே சிதறல்தான் நியூட்ரான் விண்மீனின் உட்புறம் எவ்வளவு பாகுத்தன்மையோடு ஓடும், வெப்பம் எவ்வளவு விரைவாகக் கடக்கும், விண்மீன் அதிர்ந்தால் அதிர்வு எப்போது அடங்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. 2017இல் யசுயியும் ஓசகியும் குவார்க் பொருளின் மின்தடையையும் பாகுத்தன்மையையும் கோண்டோ விளைவோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

ஆனால் அந்த மாணவி கேட்டிருக்க வேண்டிய இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: விண்மீனுக்குள் சார்ம் குவார்க் எங்கிருந்து வரும்? சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையைப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கிய நியூட்ரான் விண்மீனின் நடுவிலும், குவார்க் ஒன்றைக் கூட்டத்தில் சேர்க்கும் விலை 500 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவில்தான் இருக்கும். சார்முக்கு 1,270 வேண்டும். அது தற்செயலாகத் தோன்றினாலும் ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் சிதைந்துவிடும். வல்விசையின் கணக்கில் அது நீண்ட ஆயுள்தான். விண்மீனின் கணக்கில் ஒன்றுமேயில்லை. சார்ம் நிலையாக இருக்கும் அளவுக்கு அடர்ந்த விண்மீன்களைக் காகிதத்தில் கட்டிப் பார்த்தும் இருக்கிறார்கள். சிறு அதிர்வுக்கே அவை நிலைகுலைந்துவிடும் என்று 1995இல் வந்த கணக்கு சொல்லியது. எனவே 'நியூட்ரான் விண்மீனில் கோண்டோ விளைவு' என்று பரபரப்பாக யாராவது தலைப்புப் போட்டால், சார்ம் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

பூமியில் முயன்றால் வேறொரு முரண். கனத்த அணுக்கருக்களை மோதவிட்டுச் சார்மை உண்டாக்கலாம். ஆனால் மோதலின் ஆற்றல் மிக அதிகமானால், ஜெனீவாவிலுள்ள பெரும் முடுக்கியில்போல, சார்ம் ஏராளமாகக் கிடைத்தாலும் பொருள் வெப்பமாகவும் அடர்த்தி குறைந்தும் போய்விடுகிறது. அடர்த்தி வேண்டுமென்றால் ஆற்றலைக் குறைக்க வேண்டும்; குறைத்தால் சார்ம் வராது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டப்பட்டுவரும் ஃபேர் முடுக்கி இந்த இழுபறிக்கு நல்ல எடுத்துக்காட்டு. அசையாத இலக்கின் மீது புரோட்டானை மோதவிட்டுச் சார்மை உண்டாக்க ஏறத்தாழ 12 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் தேவை. அங்கே தங்க அணுக்கருக்களுக்குத் திட்டமிடப்பட்டிருப்பது, ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) ஏறத்தாழ 11. வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அணுக்கருவுக்குள் நியூக்ளியான்கள் சும்மா இருப்பதில்லை என்பதாலும், மோதலில் பல படிகள் இருப்பதாலும் கொஞ்சம் சார்ம் கிடைக்கலாம். ஆனால் கோண்டோ விளைவு தலைகாட்டும் அளவுக்கு அந்தக் கலவை குளிர்ந்திருக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

குளிர்ந்த குவார்க் பொருளில் போட்டியாளர் ஒருவரும் உண்டு. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்வதுபோல, இலேசான குவார்க்குகள் தங்களுக்குள்ளேயே இணை சேர்ந்து நிற மீக்கடத்தியாகிவிடும். 1999இல் டாம் தான் சோன் காட்டியபடி, மிக உயர்ந்த அடர்த்தியில் அந்த இணைப்பின் ஆற்றல் கோண்டோவின் ஆற்றலைவிட மெதுவாகத்தான் தேய்கிறது. காரணம், ஓடும் குவார்க்குகளுக்கு நடுவே வீச்சு குறையாத காந்தக் குளுவான்கள் உதவிக்கு வருகின்றன. அசையாத கனத்த குவார்க்குக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. இணை சேர்ந்துவிட்டால் ஃபெர்மி எல்லையில் இடைவெளி விழுந்து, கோண்டோ விளைவுக்கு வேண்டிய ஆட்களே இல்லாமல் போய்விடுவார்கள்.

ஆனால் அங்கேதான் எதிர்பாராத திருப்பம் ஒன்று இருக்கிறது. அப், டவுன் இரண்டு வகை மட்டும் இணை சேரும் நிலையில், மூன்று நிறங்களில் இரண்டுதான் இணையும். மூன்றாவது நிறத்துக் குவார்க்குகள் தனித்தே திரியும். அவற்றுக்கு ஃபெர்மி பரப்பு அப்படியே இருக்கிறது. இணைந்தவற்றைக் கிளப்ப ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவைப்படுவதால், அவை இந்தத் தனித்தவற்றின் பார்வையில் கனத்த மாசுபோல நடந்துகொள்கின்றன. நடுவே குளுவான்கள் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 2019இல் ஹத்தோரி, ஹுவாங், ராபர்ட் பிசார்ஸ்கி ஆகியோர் இதைக் கணக்கிட்டபோது, கோண்டோவின் மடக்கை மறுபடி வந்தது. பிணைப்புகள் வலுத்துக்கொண்டே போயின. சார்ம் தேவையில்லை, பாட்டம் தேவையில்லை. மாசை வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டிய அவசியமே இல்லை. நியூட்ரான் விண்மீனைப் பொறுத்தவரை நான் கவனித்துப் படிப்பது இந்தக் கணக்கைத்தான், ஏனென்றால் இது கேட்பது அப்பும் டவுனும் மட்டும்.